மல்கேரி வாங்கிப் போட்ட கரி

ஸ்கார்த்வெல்லில் யாராவது வாக்குக் கொடுத்தால், கேட்டவர் லேசில் நம்பிவிட மாட்டார். "கரி வாங்கிப் போட்டாச்சா?" என்பார். அடுத்த மாதம் கல்யாணம் என்று சொல்கிற மாப்பிள்ளையிடம் கேட்பார்கள். திங்கட்கிழமை வந்து கூரையைச் சரிசெய்து தருகிறேன் என்கிற ஆளிடம் கேட்பார்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் கட்டாயம் கேட்பார்கள். கேட்டுவிட்டு அந்த இடத்திலிருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள்.

சிரிக்காத ஆள் ஊரில் ஒருவர்தான் இருந்தார். கத்பர்ட் ரெயின். ஒரு காலத்தில் வீடு வீடாக நிலக்கரி மூட்டை சுமந்து போட்டவர். அந்தப் பேச்சு பிறந்ததே அவரால்தான்.

டெஸ் மல்கேரி எங்கள் கால்பந்து அணிக்கு மேனேஜராக வந்த வருடம் நடந்தது அது. மல்கேரி அதற்கு முன்பே பெரிய பேர். ஒரு பெருநகரத்து அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த முதலாளிகளை மூஞ்சிக்கு நேரே திட்டிவிட்டு வெளியேறியவர். நாலாவது டிவிஷனில் அடிமட்டத்தில் கிடந்த ஸ்கார்த்வெல் டவுனுக்கு அவர் எதற்கு வரவேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் செப்டம்பரில் வந்தார். மனைவி, குட்டிப் பெண்ணோடு சேப்பல் தெருவில் வாடகை வீடு பிடித்தார். அதுவரை காற்றடித்தாலே விழுந்துகொண்டிருந்த நம் பையன்கள் சொந்த மைதானத்தில் தோற்பதையே மறந்துவிட்டார்கள். மீன் சந்தையில் பரம விரோதிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

டிசம்பரில் புகைய ஆரம்பித்தது. தெற்கே ஒரு பெரிய அணி மல்கேரிக்கு வலை வீசுகிறது என்று பேச்சு. ரசிகர் சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மொத்தப் பேரும் கிளப் தலைவர் வீட்டுக்கு ஊர்வலமாகப் போவது, மல்கேரியோடு மூன்று வருட ஒப்பந்தம் போடாமல் அவர் வாசலை விட்டு நகர்வதில்லை.

அதற்கு முந்தின நாள்தான் கத்பர்ட் மல்கேரி வீட்டுக்குக் கரி கொண்டுபோனார். குளிர்காலம் முழுவதற்குமான கரி. பின்கட்டில் இருந்த கரி அறையில் மூட்டை மூட்டையாகக் கொட்டினார். மல்கேரி வீட்டுச் செருப்போடு, கையில் டீ கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூரை வரைக்கும் நிரப்புப்பா. குளிரு எனக்கு ஆகாது," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? சாயங்காலம் மதுக்கடையில் கத்பர்ட் மேசையைத் தட்டினார். "யோவ், ஊர்வலமெல்லாம் எதுக்கு? இப்பத்தான் அந்தாளு கரி அறைய ரொப்பிட்டு வரேன். போற மனுசன் எவனாவது கரி வாங்கிப் போடுவானா?"

எங்கள் ஊரில் அதற்கு மேல் வாதமில்லை. தான் குளிர்காயப் போகாத நெருப்புக்கு ஸ்கார்த்வெல்காரன் ஒரு கட்டி கரிகூட வாங்கமாட்டான். அவனவன் தன்னைப் போலத்தானே அடுத்தவனையும் நினைப்பான்? ஊர்வலம் நின்றது. ஆளுக்கொரு பீர் வாங்கிக் கத்பர்ட்டுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே மல்கேரி போய்விட்டார். தெற்கத்தி அணியின் கழுத்துத் துணியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற படம் பத்திரிகையில் வந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மார்ச் கடைசியில் நாலு பேர் சேப்பல் தெருவுக்குப் போய் அந்தக் கரி அறையை எட்டிப் பார்த்தார்கள். துடைத்து வைத்ததுபோல் காலி.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கத்பர்ட் கிளப் முதலாளிகளிடம் கூலி வாங்கிக்கொண்டு ஊர்வலத்தைக் கலைத்தான் என்றார்கள். அவனே வண்டியோடு போய்க் கரியை அள்ளி இன்னொருத்தனுக்கு விற்றுவிட்டான் என்றார்கள். கரி சுமந்து கறுத்த முகத்தில் ஊர் இன்னொரு தடவை கரி பூசியது. அந்த வருடம் அணி கடைசி இடத்துக்கு வழுக்கி விழுந்ததற்கும் அவர்தான் காரணம் என்று ஆயிற்று.

அன்றிலிருந்து கத்பர்ட்டும் யாரையும் நம்புவதை விட்டார். வீட்டுச் சொந்தக்காரனைச் சந்தேகப்பட்டார். குப்பை வண்டிக்காரனைச் சந்தேகப்பட்டார். பாதிரியார் வீட்டு அடுப்பு அந்தக் குளிர்காலத்தில் கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது என்று அவரையும் விடவில்லை. மல்கேரியைத்தான் எல்லோரையும் விட அதிகம். ஊர்வலத்தைக் கலைக்கவே அந்தாள் தன்னை வைத்து நாடகமாடினாரா என்பது அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. யாராவது முகம் மலர்ந்து காலை வணக்கம் சொன்னால், இவனுக்கு என்ன வேணும் என்று திரும்பிப் பார்ப்பார்.

"என்னையும் சந்தேகப்படுவியா?" என்று மனைவி ஈனிட் ஒரு நாள் கேட்டாள்.

"உன்ன ஞாயித்துக்கிழம மட்டும். அன்னிக்குத்தான் நீ சிரிச்ச மொகமா இருக்க."

ஈனிட் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சந்தேகமே இல்லாமல் அவர் நம்பிய ஒரே ஆள் நார்மன் டின்டில். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்க்கிற படிகளில், சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்றவர். சேப்பல் தெருக்காரர். "கரி வாங்கிப் போட்டாச்சா?" என்று யாராவது கேட்டால் முதல் ஆளாகச் சிரிப்பவரும் அவர்தான். கத்பர்ட் அதைப் பொறுத்துக்கொண்டார். கூட்டாளி சிரிக்காமல் வேறு யார் சிரிப்பது? இன்னொன்றும் இருந்தது. பாதி ஆட்டம் முடிந்ததும் நார்மன் போய் இரண்டு இறைச்சி பை வாங்கி வருவார். மாவுக்குள் மாட்டிறைச்சி வைத்து மூடிச் சுட்ட பண்டம், தொட்டால் விரல் பொத்துப்போகிற சூட்டில். ஒன்றைக் கத்பர்ட் கையில் வைப்பார். ஒரு தடவைகூட கத்பர்ட்டை வாங்க விட்டதில்லை. பாதிரியாரின் அடுப்பைச் சந்தேகப்பட்ட மனிதர், நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பையைக் கேள்வி கேட்காமல் தின்றார்.

போன வசந்தத்தில் மல்கேரி இறந்துபோனார். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால் கிளப் கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். ஏற்பாடு செய்தது ரசிகர் சங்கச் செயலாளர் பெரில் ஸ்டோக்கோ. மல்கேரியின் மகள் மோய்ரா வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் கத்பர்ட் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இந்தப் பெயரோடு மண்ணுக்குள் போக அவருக்கு மனமில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்டா. ஒங்கப்பன் என்னிய ஏமாத்துனானா இல்லியான்னு," என்று நார்மனிடம் சொன்னார்.

"செத்தவன் கதைய எதுக்குக் கிளறுற? வாடா, நேரா படிக்குப் போயி நல்ல எடமாப் புடிப்போம்," என்றார் நார்மன்.

ஆட்டத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. அங்கே இடம் பிடிக்கிற அளவுக்குக் கூட்டம் வந்தும் பல வருடமாயிற்று. கத்பர்ட் அதைக் கவனிக்கவில்லை.

கூடத்தில் ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். மல்கேரி என் தோளில் கைபோட்டார் என்றார் ஒருவர். எனக்குச் சிகரெட் கொடுத்தார் என்றார் இன்னொருவர். கோப்பை ஆட்டத்தில் கடைசி நிமிடக் கோலை நேரில் பார்த்தேன் என்று பாதிக் கூடம் கை தூக்கியது.

"எல்லாம் புளுகு," என்று கத்பர்ட் முணுமுணுத்தார். "அன்னிக்குக் கொட்டுன மழையில நாம நாலு பேரும் ஒரு நாயுந்தான் நின்னோம். இதுல அந்தா கை தூக்கறானே, அவன் பொறக்கவே இல்ல."

மோய்ரா எழுந்தாள். அப்பாவின் அதே தாடை. நன்றி சொன்னாள், அப்பா எப்போதும் ஸ்கார்த்வெல்லைப் பற்றிப் பேசுவார் என்றாள். கத்பர்ட் அதையும் நம்பவில்லை. ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார்.

"அம்மா, நாந்தான் அந்தக் கரிக்காரன். போறதுன்னு முடிவு பண்ணிட்டு ஒங்கப்பா எதுக்கு எங்கிட்ட கரி வாங்கினாரு?"

கூடம் சிரிக்கத் தயாரானது. மோய்ரா சிரிக்கவில்லை.

"ஐயா, நீங்களா? அப்பா எந்த ஊருக்குப் போனாலும் அப்படித்தான். சின்னப் புள்ளையில அவங்க வீட்டுல ஒரு குளிர்காலம் முழுக்கக் கரி இல்ல. அதுலேருந்து கரி அறை பாதி காலியானாலே அவருக்குத் தூக்கம் வராது. போறோமா இருக்கோமான்னு பாக்க மாட்டாரு. தெக்க கூப்புட்டதே நீங்க கொண்டுவந்து போட்டதுக்கு அப்புறந்தான்."

கத்பர்ட்டின் நெஞ்சில் கிடந்த முள் அசைந்தது. நாடகமுமில்லை, வாக்குறுதியுமில்லை. குளிருக்குப் பயந்த ஒரு மனிதன், அவ்வளவுதான்.

"நானே ஒங்களக் கேக்கணும்னு இருந்தேன்," என்றாள் மோய்ரா. "கரி ஒங்களுக்குத் திரும்பி வந்துச்சா? நாங்க கெளம்புன காலையில எனக்கு ஏழு வயசு, கார்ல ஒக்காந்திருந்தேன். அப்பா எதிர்வீட்டுக்காரர்கிட்ட அந்த அறைச் சாவியக் கொடுத்தாரு. 'கரிக்காரன் வந்து எடுத்துக்கட்டும், மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லு. ஊரு அவனத்தான் திட்டும்'னாரு. சாகறவரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, அந்தாளு வாங்கிக்கிட்டானான்னு."

சேப்பல் தெருவில் அந்த வீட்டுக்கு எதிரே இருந்தது ஒரே வீடுதான். யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கூடம் மொத்தமும் நார்மன் பக்கம் திரும்பியது. நார்மன் டீ கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்பர்ட் காத்திருந்தார். கூட்டாளி வாயைத் திறப்பான் என்று அவருக்கு ஒரு நப்பாசை. திறக்கவில்லை.

"வரலம்மா," என்றார் கத்பர்ட். "கரியும் வரல, மன்னிப்பும் வரல."

அதற்குப் பிறகுதான் நார்மன் பேசினார். "எங்கம்மா நெஞ்சுச் சளியோட கெடந்தா. எனக்குக் கப்பல் பட்டறையில வேல போயிருந்துச்சு. ரெண்டு நாள் பொறுத்து சாவியக் கொடுத்துக்கலாம்னு ஒரு கூடை கரி எடுத்தேன். அப்பறம் இன்னொண்ணு. மார்ச்சுல பாத்தா கொடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. வெறும் மன்னிப்ப மட்டும் எப்படிடா கையில கொண்டாந்து கொடுப்பேன்?"

"கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனேடா பாவி!"

"கொடுத்திருப்ப. அதான் கேக்க முடியல."

"ஊரே என்னப் பாத்துச் சிரிச்சப்ப நீதானேடா மொத ஆளா சிரிச்ச?"

"நான் சிரிக்கலேன்னா ஒனக்குச் சந்தேகம் வந்திருக்குமே," என்றார் நார்மன்.

அந்தக் குளிர்காலத்தில் நார்மன் தன்னிடம் கரி வாங்குவதை நிறுத்தியதும், மின்சார அடுப்பு வந்துவிட்டது என்று சொன்னதும் கத்பர்ட்டுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஊரில் எல்லார் வீட்டுப் புகைபோக்கியையும் நிமிர்ந்து பார்த்தவர் அவர். கூட்டாளி வீட்டுப் புகைபோக்கியை எவன் பார்ப்பான்?

கூடம் கலைந்தது. "எனக்கு அப்பவே தெரியும், கத்பர்ட் அப்படிப்பட்ட ஆளில்லன்னு," என்று பெரில் அவர் கையைப் பிடித்தாள். பின்னால் வந்த நாலு பேரும் அதையே சொன்னார்கள். திட்டியபோது வந்த கோபத்தைவிட இப்போது அவருக்குக் கோபம் அதிகமாக வந்தது. யாருக்கும் பதில் சொல்லாமல் மைதானத்துக்கு நடந்தார்.

வழக்கமான படியில் போய் நின்றார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து நார்மன் வந்தார். பக்கத்தில் நிற்காமல் ஒரு படி கீழே நின்றார். நம் பையன்கள் ஒரு கோல் வாங்கினார்கள். இரண்டு பேரும் நடுவரைத் திட்டினார்கள், தனித்தனியாக.

பாதி ஆட்டம் முடிந்தது. நார்மன் போனார். திரும்பி வரமாட்டான் என்று கத்பர்ட் நினைத்தார். வந்தார், கையில் இரண்டு பை. ஒன்றை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

கத்பர்ட் வெகுநேரம் அதைப் பார்த்தார். இத்தனை வருடமாக இந்தப் பை எந்தக் கரிக்கு ஈடாக வந்தது என்று அவருக்கு இப்போது தெரியும். பிறகு வாங்கினார். வாங்கினவர் கடிக்கவில்லை. மேல்மூடியை விரலால் நெம்பித் தூக்கி, குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னடா பாக்குற?" என்றார் நார்மன்.

"கரி கிரி இருக்குதான்னு பாக்கறேன்."

நார்மன் சிரிக்கவில்லை. உதடு கோணியது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்பர்ட்தான் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பையைக் கீழே போட்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மேல ஏறி நில்லுடா," என்றார். "அங்க நின்னா எனக்கு கோல் மறைக்குது."