சந்துப் பக்கம் கேட் வேண்டாம்

நான் துணி தேய்ப்பவள். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து முனையில் என் வண்டி நிற்கிறது. கரி போடுகிற இஸ்திரிப்பெட்டிதான் வைத்திருக்கிறேன். ஐந்தாவது வரை தமிழில் படித்தேன். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுத வராது.

சந்தின் கடைசியில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மதில். போன வருடம் அதில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் படித்துச் சொன்னார். உள்ளே பெரிய மால் வருகிறது. ஜனங்கள் போகும் வாசல் மெயின் ரோட்டில். சரக்கு லாரி போகும் வாசல் எங்கள் சந்தில். அதற்காகச் சந்தின் இரண்டு ஓரமும் காலி செய்யப்படும். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

ஓரம் என்றால் என் வண்டி. குழாயடி. சர்ச்சுக்குப் போகிற கிழவிகள் உட்காரும் கல். வண்டி போனால் எனக்கு வேறு இடம் இல்லை.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. எது கேட்டாலும் ஒரே மனு, எல்லார் கையெழுத்தும். குழாய்க்கு அப்படித்தான் கொடுத்தோம், தெருவிளக்குக்கும் அப்படித்தான். இரண்டும் வந்தன. இதற்கும் அப்படியே செய்தோம். ஆட்டோக்காரர் கன்னடத்தில் எழுதினார். நான் மைப்பெட்டியோடு வீடு வீடாகப் போனேன். கையெழுத்துக்கு ஐந்து தாள் ஆனது. நூலால் தைத்தேன்.

மாநகராட்சி ஆபீஸுக்கு நானும் பக்கத்து வீட்டு அக்காவும் போனோம். அக்கா முப்பது வருடம் ரோடு கூட்டி ஓய்வு பெற்றவர். ஆபீஸ் என்றால் பயம் கிடையாது.

கிளார்க் வாங்கிப் பார்த்தார். ஒரு சீல் குத்தினார். ஒரு நம்பர் போட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"ஒந்தே அர்ஜிம்மா. ஒரே மனு, ஒரே நம்பர்."

"எத்தினி பேரு கை வெச்சிருக்கோம், எண்ணிப் பாரு சார்."

"கைய எண்ண மாட்டாங்க. மனுவத்தான் எண்ணுவாங்க. மால் வேணும்னு தனித்தனியா வந்துட்டே இருக்கு. நீங்க இவ்ளோ பேர் சேந்து ஒருத்தர் ஆயிட்டீங்க."

அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி இன்னும் கொஞ்சம் சொன்னார். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் அதையும் ஒன்றாகத்தான் சேர்ப்பார்கள். அவரவர் கஷ்டத்தை அவரவர் எழுத வேண்டும். கன்னடம் அல்லது இங்கிலீஷ். பாக்கி இருந்தது ஐந்து நாள்.

பஸ்ஸில் அக்கா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். நான் யோசித்துக்கொண்டு வந்தேன். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சட்டை கொடுக்கப் போகிறவளுக்குத் தெரியாமல் இருக்காது.

மறுநாள் ஒவ்வொரு துணிக்கட்டின் மேலும் ஒரு வெள்ளைத்தாள் வைத்துக் கொண்டுபோனேன். எழுதிய தாள் வந்தால்தான் கட்டு.

"ஆபீஸுக்கு லேட்டாகுதுக்கா, சட்டையக் குடு!" என்று மாடி வீட்டுத் தம்பி கத்தினான். கம்ப்யூட்டர் வேலை. சேலத்திலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவன்.

"ரெண்டு வரி எழுது. தரேன்."

"மால் வந்தா எனக்கு நல்லதுதானக்கா. ஏசில உக்காருவேன்."

"மால் வேணாம்னு யாரு சொன்னா? போய் உக்காரு. லாரி வந்தா உன் பைக்க எங்க நிறுத்துவ? அத எழுது."

பனியனோடு நின்றே எழுதினான். ஒரு பக்கம் நிறைந்தது.

எழுதத் தெரியாதவர்களுக்கு ஆட்டோக்காரர் ஆட்டோவில் உட்கார்ந்து எழுதினார். அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் சொன்னதை மட்டும். மூன்றாவது வீட்டம்மா தன் புருஷனின் சவப்பெட்டியை இந்தச் சந்து வழியாகத்தான் கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள் என்று எழுதச் சொன்னார். அக்கா குழாயடியைப் பற்றி எழுதச் சொன்னார். கெட்ட வார்த்தை மூன்று இருந்தது. ஆட்டோக்காரர் எடுத்துவிட்டார்.

தாள்கள் கசங்கித்தான் வந்தன. மேலே துணி போட்டு எல்லாவற்றையும் தேய்த்தேன். ஒன்று மட்டும் மூலையில் பழுப்பாகிவிட்டது. அது என்னுடையது.

கடைசி நாள் அக்கா தாள்களையெல்லாம் மேஜையில் வைத்தார். கிளார்க் சிரித்தார். "இவ்வளவுக்கும் சீல் போடணுமா? ஒண்ணா கட்டிக் குடுத்திருக்கக் கூடாதா?"

"போன தடவ கட்டித்தான குடுத்தோம்? குத்து, குத்து."

குத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

விசாரணைக்குக் கடிதம் வந்தது. வீட்டுக்கு ஒன்று. மனு கொடுத்த ஒவ்வொருவரையும் நம்பர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டுமாம். பழைய மனுவோடு நின்றிருந்தால் எங்களில் ஒருவர்தான் பேசியிருப்பார். அன்று எல்லாரும் பேசினோம். மால் கம்பெனிக்காரர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார்.

என் நம்பர் வந்தது. எழுந்தேன்.

"இருபத்திரண்டு வருஷமா அங்க நிக்கிறேன். அந்தச் சந்துல லாரி வந்தா ஆள் நடக்க முடியாது. மால் கட்டுங்க. லாரியும் மெயின் ரோட்டுலயே போகட்டும்."

பெரிய அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். "பிளான்ல அகலம் இருக்கேம்மா."

"பிளான்ல என் வண்டி இருக்குதா சார்?"

அவர் வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"காலைல ஏழு மணிக்கு வந்து பாருங்க."

வந்தார். அடுத்த வாரம், டேப்போடு. தண்ணீர் வருகிற நேரம். குடங்கள் வரிசையில் இருந்தன. டேப்பைப் பிடித்தவர் ஒரு ஸ்கூட்டருக்கு ஒதுங்கினார், பால் வண்டிக்கு ஒதுங்கினார், கடைசியில் என் வண்டி மேலேயே சாய்ந்து நின்றார். பெட்டி சூடு என்று சொன்னேன். அளந்ததை எழுதிக்கொண்டார்கள். டீ கொடுத்தோம், குடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து மதிலில் புது வரைபடம் ஒட்டினார்கள். ஆட்டோக்காரர் படித்தார். லாரி வாசல் மெயின் ரோட்டுப் பக்கம். சந்துப் பக்கம் மதில் அப்படியே இருக்கும். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். அக்கா வரைபடத்தின் மேல் விரலை வைத்து மதில் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

மால் எழும்பிக்கொண்டிருக்கிறது. தூசி வருகிறது. துணிமேல் பிளாஸ்டிக் விரித்து வைக்கிறேன்.

போன திங்கட்கிழமை பார்க்கிங் பற்றி இன்னொரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலை மாடி வீட்டுத் தம்பி துணி கொண்டுவந்தான். நான்கு சட்டை, இரண்டு பேன்ட். மேலே எழுதி முடித்த ஒரு தாள்.

"இதையும் தேச்சுடுக்கா," என்றான்.