தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த வேலாயுதன் சார்

போன செவ்வாய்க்கிழமை இரண்டாம் பீரியடில் கூஜாவுக்கு நிழல் போடுவது எப்படி என்று கரும்பலகையில் காட்டிக்கொண்டிருந்தேன். பியூன் வாசலில் வந்து நின்றார். "டிராயிங் சார், நம்ம கணக்கு சார் தவறிட்டாராம். விடியக்காலம் நெஞ்சுவலியாம். வீட்டுலேர்ந்து ஆளு வந்திருக்கு" என்றார். "சரி" என்றேன். கூஜாவின் மீதி நிழலையும் போட்டு முடித்த பிறகுதான் சாக்பீசைக் கீழே வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

சாரை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் உங்களுக்கு வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்தது. என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். ஒன்பது வருஷம் அவர் பாடம் நடத்தியதை நான் காதால் மட்டும் கேட்டேன். கணக்கு எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

நாற்பத்தேழில் வேலாயுதன் சார் வந்து சேர்ந்தார். மேற்கே களியக்காவிளைப் பக்கம், கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பேச்சில் பாதி மலையாளம். பலகையைப் பார்த்து மடமடவென்று எழுதிக்கொண்டே போவார், கடைசியில் திரும்பி, புரிந்ததா என்பதற்கு, "மனசிலாச்சா?" என்பார். பிள்ளைகள் அவர் இழுக்கிற மாதிரியே இழுத்து, "ஆச்சு சார்!" என்பார்கள். அடுத்தபடி பிரம்புச் சத்தம் கேட்கும். நானும் வாத்தியார்தான், ஆனாலும் சொல்கிறேன், அந்த முதல் வருஷம் அவர் மோசமான வாத்தியார்.

மறு வருஷம் மூன்றாம் பாரம் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டார். ஒரு வயலின் நீளம் அறுபது அடி, அகலம் நாற்பது அடி, வயல் எவ்வளவு? தங்கம் என்ற பெண் எழுந்து கேட்டாள்: "சார், அது எந்த வயல்? பள்ள வயலா, மேட்டு வயலா?"

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இங்கே வயலை அடிக்கணக்கில் யாரும் சொல்வதில்லை. எத்தனை மரக்கால் விதைப்பாடு, எத்தனை கோட்டை விதைப்பாடு என்று விதைக்கிற நெல்லைக் கொண்டுதான் சொல்வோம். பள்ள வயலும் மேட்டு வயலும் ஒரே அளவு விதை பிடிக்காது. வயல் எது என்று தெரியாமல் அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? மரச்சீனிக் கிழங்கும் தெங்கும் வைக்கிற ஊரிலிருந்து வந்த மனிதருக்கு இது தெரியாது. தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு ரெண்டு வகுப்பும் சிரித்தது.

அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "களியாக்குகயா, என்னைக் கேலி பண்ணுறியா? ஏறி நில்லு பெஞ்சுமேல!" அவள் மணி அடிக்கும்வரை நின்றாள். மறுநாளிலிருந்து வரவில்லை. "வயசுக்கு வந்த பிள்ளையைப் பெஞ்சுமேல ஏத்தின பள்ளிக்கூடத்துக்கு இனி அனுப்ப மாட்டேன்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. பெண்பிள்ளை, படிப்பு அதோடு சரி என்று எல்லாரும் விட்டுவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து சார் வாடகைக்கு வீடு தேடிப் போயிருக்கிறார். வீட்டுக்காரர், "பின்னால எட்டு மரக்கால் விதைப்பாடு கிடக்கு" என்றாராம். அது எத்தனை அடி என்று இவர் கேட்க, "அடி யாருக்குத் தெரியும் சார்? நல்ல வயலு, விதை கொஞ்சம்தான் பிடிக்கும்" என்றாராம். நனைந்த குடையோடு நேராக என் வகுப்புக்குள் வந்தார்.

"சாரே, அந்தப் பிள்ளை கேட்டது இதுதானா?"

"ஆமா."

"நிங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். சீவிக்கொண்டே இருந்தேன்.

"பின்னே ஏன் சொல்லல்ல?"

அடுத்த பென்சிலை எடுத்தேன். அவள் வீடு எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

அங்கே நடந்ததைத் தங்கத்தின் அப்பாதான் பிறகு சொன்னார். சார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் தடுமாறி வந்திருக்கிறார். "மக்கா, இந்த வயல் எத்தனை மரக்கால்?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதும் ஒரு கயிற்றை எடுத்து, ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, சேற்றில் இறங்கி நீளமும் அகலமும் அளந்திருக்கிறார். அடுத்த வயலையும் அளந்திருக்கிறார். வரப்பில் குச்சியால் கணக்கை எழுதிக் காட்டி, "நீ கேட்டதுதான் சரி. நான் கேக்க வேண்டியதைக் கேக்காம ஏசிட்டேன். மன்னிச்சுக்கோ" என்றாராம். "சாரு சேத்துல நின்னுக்கிட்டுப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்காரு, பிறகு எப்பிடி அனுப்பாம இருக்க?" என்றார் அப்பா. திங்கட்கிழமை அவள் வந்தாள்.

அதோடு சார் திருந்திவிட்டார் என்று எழுதினால் அது புளுகு. பிரம்பு இன்னும் ஒரு வருஷம் மேசையில் கிடந்தது. பின்னம் நடத்தப் பலாப்பழம், இங்கத்திப் பேச்சில் சக்கை, கொண்டுவந்தார். பாடம் முடியுமுன் சக்கை முடிந்தது. எனக்கும் தட்டி வழியாக ரெண்டு சுளை வந்தது. மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. "சக்கை மனசிலாச்சு, கணக்கு மனசிலாகல்ல" என்றார். கடற்கரைப் பிள்ளைகளிடம் வலைக்கயிற்றை எப்படி அளப்பார்கள் என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். சிற்பிகள் ஊரான மயிலாடிப் பையனிடம் கல்லை எப்படி அளப்பார்கள் என்று கேட்டார். கணக்குக்கு முன்னால், "எந்த வயல்? அதைச் சொல்லு முதல்ல" என்பது அவர் வழக்கமாயிற்று. வேகம் குறைந்தது. பலகைப் பக்கமிருந்து வந்த குரல், பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்து வர ஆரம்பித்தது.

இன்னொரு வழக்கமும் வந்தது. பாடம் முடிந்ததும் தட்டியைத் தட்டி, "டிராயிங் சாரே, மனசிலாச்சா?" என்பார். தொல்லை விட்டால் போதும் என்று நானும், "ஆச்சு, ஆச்சு" என்பேன். ஒருநாள் எரிச்சலில், "ஆகல்ல சார்!" என்று கத்திவிட்டேன். பிறகு பலகையை அழிக்கிற சத்தம் கேட்டது. அதே கணக்கை வேறு விதமாக முதலிலிருந்து தொடங்கினார். அன்று மூன்று தடவை அழித்தார். மத்தியானம் சோற்றுப்பாத்திரத்தைத் திறந்துகொண்டே, "நிங்க ஒருத்தருதான் உள்ளதைச் சொன்னது. பிள்ளைக பயந்துல்லா ஆச்சுன்னு சொல்லுகு" என்றார்.

நாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்வதைப் பற்றி ஆசிரியர் அறையில் சண்டை நடந்தபோது, "ஏது ராஜ்யமானாலும் முக்கோணத்துக்கு மூலை மூணுதானே" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போனவர் அவர். போன மாதம்தான்.

செவ்வாய் மத்தியானம் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனோம். எனக்கு அழுகை வரவில்லை. முற்றத்தில் எத்தனை பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தங்கம் வந்திருந்தாள். இப்போது அவளும் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் திரும்பினாள்.

"சார், அன்னைக்குத் தட்டிக்கு அந்தப் பக்கம் முதல்ல சிரிச்சது நீங்கதானே?"

"ஆமா."

"கணக்கு சாருக்கும் தெரியும். வயல்ல வச்சு நான் சொல்லிட்டேன். 'அவரு என்னைப் பாத்துத்தான் சிரிச்சாரு, உன்னை இல்ல. நீ ஒண்ணும் கேக்காண்டாம், அவரே ஒருநாள் சொல்லுவாரு'ன்னாரு."

எட்டு வருஷம். ஒவ்வொரு நாளும் அவர் தட்டியைத் தட்டினார்.

"தெரிஞ்சேதான் சிரிச்சேன், மக்கா. மேற்கத்திக்காரர் மாட்டிக்கிட்டாருன்னு ஒரு குஷி. உனக்கு என்ன ஆகும்னு நினைக்கல்ல. மன்னிச்சுக்கோ" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. கூஜாவே நடத்தினேன். தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குச் சொல்ல வேண்டியதை நான் வேறொருத்தியிடம்தான் சொன்னேன், அதுவும் ஒருநாள் பிந்தி. ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் மறைக்காமல் சொன்னது அந்த ஒரே ஒரு "ஆகல்ல" மட்டும்தான். அவரிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது, அதைக் கேட்டுவிட்டு அவர் பலகையை அழித்த சத்தம்.