விமானத்துக்கு வந்த கம்ப்ரசர்

பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தொரு வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறவரை எல்லாரும் பெயிண்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் உப்புத்தாள் தேய்க்கச் சேர்ந்தவர். ஸ்ப்ரே கன்னைக் கையில் கொடுக்கவே ஆறு வருஷம் ஆக்கினார்கள். "பொம்பளைக்கு இது வராது" என்று சொன்ன மேஸ்திரி, பிறகு தன் சொந்தக் காருக்குப் பெயிண்ட் அடிக்க அவரிடமே வந்து நின்றார். அன்றிலிருந்து, விஷயம் தெரியாமல் வாய் கிழியப் பேசுகிறவர்களைக் கண்டால் பெயிண்டரம்மாவின் உதடு தானாக ஒரு பக்கம் கோணிக்கொள்ளும்.

அது அதிகம் கோணியது தங்கை வீட்டில்தான். தங்கையின் கணவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒன்பது வருஷமாகக் கார் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கார் வெயிலில் கிடந்து வெளுத்தது. ஒரு இறக்கை ஹாலில் சோபாவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. வீடு பெருக்கும்போது தங்கை அதற்கடியில் குனிந்து போய்க் குனிந்து வந்து இடுப்புவலி பிடித்ததுதான் கண்ட பலன்.

ஆணியெல்லாம் அடித்து முடித்து, பெயிண்ட் கட்டம் வந்தது. எந்தக் கம்ப்ரசர் வாங்குவது என்று வாத்தியார் நாலு மாதம் ஆராய்ச்சி செய்தார். விமானம் கட்டுகிறவர்களின் போன் குழுவில் கேட்டார். நோட்டில் கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தார். கேட்காமல் விட்ட ஒரே ஆள், கம்ப்ரசர் பக்கத்தில் நின்றே பாதிக் காதைத் தொலைத்த மைத்துனிதான். "அக்கா அடிக்கிறது பஸ்ஸு. இது ஏரோப்ளேன்" என்றாராம்.

வந்திறங்கியது பளபளவென்று சிவப்பாக ஒன்று. 'ஐந்து குதிரைத்திறன்' என்று ஸ்டிக்கர். பெயிண்டரம்மா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"மாப்பிள்ளை, இது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து தரும்?"

"எட்டு பார் பிரஷர்க்கா."

"அது எவ்வளவு அழுத்தித் தள்ளும்ங்கிற கணக்கு. எவ்வளவு தரும்னு கேட்டேன்."

"அதான், அஞ்சு ஹார்ஸ்பவர் இருக்கே."

"ஸ்டிக்கர் அடிக்கிறவனுக்கு என்ன, அம்பதுன்னுகூட எழுதுவான். சுவத்து பிளக்குல சொருகி ஓடற மோட்டார்ல அஞ்சு குதிரையா? ரெண்டு கழுதை தேறாது."

வாத்தியார் சிரித்து வைத்தார். மறுநாள் விமானத்தின் வாலில் திரும்புகிற பலகையை முதலில் அடித்தார். ஒரு நிமிஷம் வெண்ணெய் மாதிரி போனது. அப்புறம் கம்ப்ரசர் ஓயாமல் கத்த, முள் இறங்கிக்கொண்டே வர, கன் துப்ப ஆரம்பித்தது. காய்ந்தபின் பார்த்தால் ஆரஞ்சுத் தோல். நடுநடுவே, காற்றோடு குழாயில் வந்த தண்ணீர் விழுந்து அம்மைத் தழும்பு. பெயிண்ட் மட்டம் என்றார். பிறகு கன் மட்டம் என்றார். அதற்கும் பிறகு வானிலை.

மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். "அக்கா, திட்டறதுக்கு இனிமே நான்தான் பாக்கி. வந்துட்டுப் போ."

பெயிண்டரம்மா வந்தார். அந்தப் பலகையைப் பார்த்ததுமே உதடு ஒரு பக்கம் கோணியது. கைக்கடிகாரத்தைக் கழற்றி, கம்ப்ரசரின் பிரஷர் முள் ஆறு பாரிலிருந்து எட்டுக்கு ஏற எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். ஒன்றரை நிமிஷம்.

"நூறு லிட்டர் டேங்க், ரெண்டு பார் ஏறியிருக்கு. ஆக இருநூறு லிட்டர் காத்து, ஒன்றரை நிமிஷத்துல. நிமிஷத்துக்கு நூத்திமுப்பது. உங்க கன்னு குடிக்கிறது முந்நூறு. கணக்கு வாத்தியார்தானே? கழிச்சுப் பாருங்க."

வாத்தியார் கழித்துப் பார்த்தார் போலிருக்கிறது. முகம் சுண்டிவிட்டது.

மூடப்போகிற ஒரு மரச்சாமான் பட்டறையில் பழைய கம்ப்ரசர் ஒன்று கிடந்தது. பெல்ட் போட்டு மெதுவாக ஓடுகிற இரட்டை சிலிண்டர், இருநூறு லிட்டர் டேங்க், வெளியெல்லாம் துரு. அதே இரண்டு பார் ஏற ஒரே நிமிஷம். நானூறு லிட்டர்.

"பார்க்க ஒரு மாதிரியா இருக்கேக்கா" என்று இழுத்தார் வாத்தியார்.

"பொண்ணு பாக்கவா வந்தோம்? டேங்க் அடியில பலமா இருக்கான்னு தட்டிப் பாத்துட்டு வண்டியில ஏத்துங்க."

அதற்கென்று ஷெட்டுக்குத் தனி மின்சார லைன் இழுத்தார்கள். சுவரோரமாக நீளமான இரும்புக் குழாயைச் சரிவாக மாட்டி, கடைசியில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரை வைத்தார் பெயிண்டரம்மா. சூட்டோடு வருகிற காற்று வழியில் ஆறினால்தான் தண்ணீரைக் கக்கும். பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டு, தேய்த்துச் சுத்தம் செய்த வால் பலகையைத் தானே அடித்தார். மூன்று பூச்சு. பளபளப்பு போதவில்லை என்று மேலே இன்னொன்று. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

வாத்தியார் அதைத் தராசில் வைத்தார். "இருநூறு கிராம் கூடிருச்சு. சுரண்டணும்க்கா."

"என்னது? எத்தனையோ பஸ் அடிச்சிருக்கேன். எந்த பஸ்ஸும் என்கிட்ட கிராம் கணக்குக் கேட்டதில்ல!"

"பஸ்ஸுக்கு வால் ஆடாதுக்கா. இதுல கீலுக்குப் பின்னாடி கனம் கூடினா, வேகமாப் போறப்ப படபடன்னு அடிச்சுக்கும். பிஞ்சே போயிடலாம். உள்ள உக்காரப்போறது உங்க தங்கச்சியும்தான்."

அந்த ஆள் சொல்லி, பெயிண்டரம்மாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்துவிட்டது. அதைவிட எரிச்சல், சற்றுமுன் தன் வாயிலிருந்து வந்ததும், விஷயம் தெரியாமல் பேசிய அந்த மேஸ்திரி பேச்சுதான் என்பது. சுரண்டியை எடுத்தார். இரண்டே மெல்லிய பூச்சோடு நிறுத்தி, பலகையை அவரே தராசுக்குத் தூக்கிப் போனார்.

"சரியா இருக்கு" என்றார் வாத்தியார்.

"சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காது கேக்காது."

அதற்காக ராசியாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மிச்ச விமானம் முழுக்க அடித்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. கன்னைக் கழுவத் தெரியவில்லை, தின்னர் கலக்கத் தெரியவில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் வாத்தியாருக்கு அர்ச்சனைதான். அந்தச் சிவப்புக் கம்ப்ரசர் கார் டயருக்குக் காற்றடிக்கப் போனது. அதற்கும் மூச்சு வாங்கியது.

விமானம் நிஜமாகவே பறந்தது. வாத்தியார் தனியாகப் பல மணி நேரம் ஓட்டிச் சோதித்து, அனுமதி வாங்கியபின் தங்கை ஏறினாள். அதற்கு அடுத்த வாரம் பெயிண்டரம்மா, பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி. கால் மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கினார்கள். தங்கை ஓடிவந்தாள்.

"எப்படி இருந்துச்சுக்கா? மேலேர்ந்து நம்ம வீடு தெரிஞ்சுதா?"

"வீட்டை யாரு பாத்தா? வலது இறக்கையில, நுனிக்கு ஒரு சாண் உள்ள, ஒரு தூசி ஒட்டியிருக்கு. நான் அடிக்கறப்ப அந்தக் கதவைத் திறந்தது யாரு?"

வாத்தியார் காது கேட்காதவர் மாதிரி, காதை மூடிய தலைக்கவசத்தைக் கழற்றாமலே விமானத்தின் மறுபக்கம் போனார்.