கொலுப்படியில் ரோபோ

எங்கள் கல்லூரி ரோபோ அணியில் ஐந்து பேர். வாயைத் திறப்பவர்கள் மூன்று பேர்: கேப்டனான நான், ஸ்ரீரங்கத்துப் பையன் ஒருவன், பாலக்கரையிலிருந்து வரும் தோழி ஒருத்தி. மற்ற இரண்டு பையன்களும் தலையாட்டுவார்கள். எந்தப் பக்கம் ஆட்டுவார்கள் என்பது அந்த வாரம் யார் டீ வாங்கித் தந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

துறையில் எங்களுக்கு ஒரு சிஎன்சி மெஷின் வாங்கித்தர ஒத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே வெட்டித் தரும் மெஷின். அதில் இரண்டு வகை பேச்சில் இருந்தன. ரூட்டர் கட்டில் மாதிரி அகலமானது. பலகை, அக்ரிலிக், அலுமினியத் தகடு எதையும் பரப்பி வைத்து வெட்டும். மில் குட்டையானது, கனமானது. உட்கார்ந்த இடத்தில் இரும்பையே குடைந்தெடுக்கும்.

நான் மில் கட்சி. காரணம் கேட்டால் துல்லியம், உறுதி என்று அரை மணி நேரம் பேசுவேன். பேசாத காரணம் ஒன்றும் இருந்தது. தொட்டியத்தில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றும் அப்பாவிடம் போனில், "இரும்பை வெட்டுற மெஷின் வாங்கப்போறோம்ப்பா" என்று சொல்வது கேட்க நன்றாக இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பலகை வெட்டும் மெஷினுக்காகவா இவ்வளவு படித்தேன்?

ஸ்ரீரங்கத்துப் பையன் ரூட்டர் கட்சி.

"ரோபோவோட சைடு பிளேட் ரெண்டடி நீளம். உன் மில்லோட டேபிள் தோசைக்கல் சைஸ். எப்படி வெட்டுவ?"

"பாதி வெட்டிட்டு, கழட்டித் திருப்பிப் போட்டு மீதி வெட்டலாம்."

"ஊத்தப்பமா, திருப்பிப் போட?"

பாலக்கரைத் தோழி சிரித்தாள். அவள் எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம். "அவன் சொல்றது கரெக்ட்தானேடி" என்றாள்.

"இவன் ரூட்டர்ல கனமான பிளாக்கைப் போட்டா ஆடும். பேரிங் ஓட்டை முட்டை மாதிரி வரும்."

"ஆமால்ல" என்றாள்.

துறையைப் பார்த்துக்கொண்ட சார் இந்தச் சண்டையைக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். "பூஜை லீவு முடிஞ்சு வரும்போது அஞ்சு பேரும் ஒரே பதில் சொல்லுங்க. இல்லேன்னா மெஷினுக்குப் பதிலா என் ரூமுக்கு ஏசி வாங்கிடுவேன்."

அவர் போனதும், "மில் வரலேன்னா நான் கேப்டனா இருக்க மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். பை உள்ளே இருந்தது. திரும்பப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது.

லீவில் லேப் பூட்டிவிடுவார்கள் என்பதால், போன வருட ரோபோவைக் கழற்றி இரண்டு சாக்கில் கட்டி ஸ்ரீரங்கத்துப் பையன் வீட்டில் வைத்திருந்தோம். சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் அங்கே கூடி முடிவெடுப்பதாக ஏற்பாடு. என் லேப்டாப்பில் மில்லுக்காக ஒரு பிரசன்டேஷன் தயாராக இருந்தது. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்த அவன் அம்மா என் கையைத்தான் பார்த்தார். "வாங்கோ வாங்கோ. லேப்டாப்பா? கொண்டா, ஹயக்ரீவர் முன்னாடி வெச்சுடலாம்."

"இல்ல மாமி, இதுல ஒரு வேலை..."

"இன்னிக்கு யாரும் படிக்கப்படாது. படிக்கிற பொண்ணு, நீ வைக்காம வேற யார் வைப்பா?"

'படிக்கிற பொண்ணு' என்று யார் சொன்னாலும் நான் விழுந்துவிடுவேன். கொடுத்துவிட்டேன். மூடிமேல் குங்குமம் ஏறியது.

"நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ."

அவனுடைய லேப்டாப், வெர்னியர் காலிப்பர், ஸ்பானர் செட் எல்லாம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. மாமியின் போன் மட்டும் தப்பித்திருந்தது. அமெரிக்காவிலிருந்து மகள் வீடியோ காலில் வருவாளாம்.

"டேய், நம்ம ரோபோ எங்க?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல், "கொலுவப் பாரு" என்றான்.

பார்த்தேன். தசாவதாரத்துக்குப் பின்னால், செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் பின்னால், ஒவ்வொரு படியிலும் எங்கள் அலுமினியத் தகடுகள் பளபளவென்று நின்றன. சக்கரங்கள் படிக்குக் கீழே மண் பரப்பிப் போட்ட பொம்மைப் பார்க்கில் கிடந்தன.

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சேன்" என்றார் மாமி. "தட்டையா இருக்கறதெல்லாம் பின்னாடி நிக்க வெச்சாச்சு. குண்டா ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கீழ்ப்படியில வெச்சுட்டேன். நன்னா இருக்கோல்லியோ?"

வெற்றிலை பாக்குக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு மாமி உற்றுப் பார்த்தார். "இதென்ன, இனிமே வரப்போற அவதாரமா?"

அதற்குள் மற்ற மூவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். பாலக்கரைத் தோழியைப் பாடச் சொன்னார்கள். அவள் தனக்குத் தெரிந்த மாதா கோவில் பாட்டைப் பாடினாள். "என்ன ராகம்டி, ரொம்ப நன்னா இருக்கே" என்றார் மாமி. எனக்குக் காட்டப் படமில்லை, தொடப் பொருளில்லை. சுண்டலும் கொலுவும்தான் இருந்தன. ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். தகடு. அடுத்த படி, தகடு. அதற்கடுத்தது, நீளத் தகடு.

குண்டாக இருந்த அந்த ஒரே துண்டு, பேரிங் உட்காரும் பிளாக், அதுதான் என் பிரசன்டேஷன் முழுக்க வந்தது, வேறு வேறு கோணத்தில். அந்த ஒன்றை அரியமங்கலத்தில் ஏதாவது ஒரு பட்டறையில் கொடுத்தால் செய்து தந்துவிடுவார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கட்டில் மாதிரி அந்த ரூட்டர்தான் வேண்டும்.

ஸ்ரீரங்கத்துப் பையன் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது தொன்னை சுண்டலில் இருந்தான். தலையாட்டும் இருவரும் அந்த வாரம் என் டீ குடித்தவர்கள். தோழிக்குக் கடைசியாக நான் பேசினால் போதும். தகடுகளைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் மில் வந்துவிடும், கேப்டன் பதவியும் நிலைக்கும். ஆனால் வருஷம் முழுக்க ஊத்தப்பம் திருப்பப்போவதும் நான்தான்.

"டேய், ரூட்டர்தான்" என்றேன்.

"என்னது?"

"படியைப் பாரு. அத்தனையும் தகடு."

"இதைத்தானே நான் ஒரு மாசமா சொல்றேன்!"

"நீ சொன்ன. காட்டல."

தோழி மெதுவாக, "அப்போ நீ கேப்டன் இல்லையா?" என்றாள்.

"சொன்னா சொன்னதுதான். ராஜினாமா. வேற ஆளைப் போடுங்க."

"ஐயோ, நான் டெக்னிக்கல் மட்டும்தான்" என்றான் ஸ்ரீரங்கத்துப் பையன். "கொட்டேஷனுக்கு யாரு அலையறது?"

"என்னைய எதுக்குப் பாக்குறீங்க?" என்றாள் தோழி. தலையாட்டிகள் இருவரும் அன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார்கள்: "நாங்க இல்லப்பா."

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, மெஷின் அலுமினியம்தான் வெட்டும் என்றேன். "பெருசா?" என்றார். "கட்டில் அளவு இருக்கும்." அவருக்குத் திருப்தி.

கல்லூரி திறந்ததும் ரூட்டர் கேட்டு எழுதிய கடிதத்தை சார் மேஜையில் வைத்தேன். கடைசி வரியில் அவர் விரல் நின்றது.

"அதென்னம்மா, 'கேப்டன் (பொறுப்பு)'?"

"ராஜினாமா பண்ணிட்டேன் சார். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கறேன்."

அவர் மேஜைமேல் இருந்த பெயர்ப் பலகையை என் பக்கம் திருப்பினார். 'துறைத்தலைவர் (பொறுப்பு)' என்று இருந்தது. எழுத்துகளில் பெயிண்ட் உதிர ஆரம்பித்திருந்தது.

"நானும் அப்படித்தாம்மா உக்காந்தேன்" என்றபடி கையெழுத்துப் போட்டார்.