மூத்த தண்ணீர்க் குடம்

என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பித்தளைக் குடம் இருக்கிறது. வயிறு ஒரு பக்கம் உள்ளே அமுங்கி, கழுத்து கோணி, வாய் நெளிந்து, பார்க்கவே சகிக்காது. அதற்குள் ஒரு கம்பி பிரஷ் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "பாத்திரக்கடையில போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கலாமுங்களே" என்று சொல்லாமல் போவதில்லை. உங்களை நான் கேட்டேனா? அந்தக் குடத்தை நசுக்கியது என் பெரியம்மாவின் கை. அன்றைக்கு அடி வாங்கியிருக்க வேண்டியவர் பெரியப்பா. குடம் குறுக்கே வந்ததால் தப்பினார்.

பெரியப்பா போர்வெல் லாரி வைத்திருந்தவர். வடக்கே ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தே பாதி ஆயுசு கழிந்தது. பாறையோடு மல்லுக்கட்டிய ஆள் என்பதால், எதிரில் எது மறித்தாலும் அதைப் பாறையாகத்தான் பார்ப்பார். பெரியம்மாவையோ எங்களையோ தொட்டு அடித்ததில்லை. அந்த அடிகளையெல்லாம் சாமான்கள் வாங்கிக்கொண்டன. ஓடாத மிக்ஸி கிணற்றுக்குப் போயிற்று. ஸ்டார்ட் ஆகாத மொபெட்டை ஒருமுறை கடப்பாரையால் அடித்தே கொன்றார். தொழிலை விட்டதும் கொல்லிமலையில், வாசலூர்பட்டிக்குப் போகிற ரோட்டில் மிளகுக் காட்டோடு ஒரு வீடு கட்டினார். குடியேறிய கொஞ்ச நாளில் பெரியம்மா அடுப்படியில் விழுந்தார். எழுந்தபோது இடது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

தினமும் இடுப்பளவுத் தண்ணீருக்குள் நடந்தால் கால் திரும்பலாம், முதல் வருஷத்தைக் கோட்டை விட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வீட்டின் பின்னால் நீச்சல் குளம் வந்துவிட்டது. மலைக்காரர்கள் வேலி ஓரம் நின்று, மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று பேசிக்கொண்டார்கள். லீவு நாட்களில் நான் நாமக்கல்லிலிருந்து ஏறிப்போய், மத்தியான வெயிலில் பெரியம்மாவைத் தண்ணீருக்குள் நடத்துவேன். கட்டை விரல் மெல்ல அசைய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துப் பெரியப்பா அழுததை நானே பார்த்தேன். கண்ணில் குளோரின் பட்டுவிட்டது என்றார்.

அப்போதுதான் அந்தப் பாசி வந்தது. பச்சைப் பாசி என்றால் மருந்து போட்டால் போய்விடும். இது கரும்பாசி. இரண்டாம் படியில் மிளகு கொட்டின மாதிரி கறுப்புப் புள்ளிகள். சிமெண்டுக்குள் வேர் விட்டு, மேலே வழவழவென்று மூடிக்கொண்டு, எந்த மருந்தையும் உள்ளே விடாது. ஒரு நாள் பெரியம்மாவின் நல்ல கால், அந்த வலது கால், அதன்மேல் வழுக்கியது. என் கையை உருவிக்கொண்டு போய்ப் படி விளிம்பில் பின்மண்டை மோதியது. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. தண்ணீர் சிவந்தது. பெரியப்பா வேட்டியோடு குதித்து, தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து மேலே போட்டார். பெரியம்மா தலையில் தையலோடு திரும்பியதும், "அந்தப் பாசி சாகற வரைக்கும் நீ தண்ணியில கால் வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கால் மறுபடி மரக்கட்டையாக இறுகத் தொடங்கியது. வாரம் போகப் போக விரல் அசைவதும் நின்றது.

அதன்பிறகு நடந்தது சண்டை. பெரியப்பா தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். முட்டி உரிந்து ரத்தம் படியில் ஒழுகியது. "சாவுடா, சாவு!" என்று அவர் கத்துவது ரோட்டில் போகிற பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டார். படித்தவன் படிக்காதவன் யாரும் செய்யக்கூடாத காரியம் அது. மஞ்சள் புகை குபுகுபுவென்று கிளம்பியது. வெறும் குளத்துக்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழ, நான் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி, கக்கத்தில் கை கொடுத்து இழுத்து வந்தேன். இரண்டு நாள் இருமல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஒவ்வொரு முறையும் படி வெள்ளை வெளேரென்று ஆகும். புதுத் தண்ணீர் நிரப்புவார். பிறகு இரண்டாம் படியில் நின்று, அந்தப் பித்தளைக் குடத்தைச் சாய்ப்பார். அது அவருடைய தொழில் வழக்கம். எந்த ஊரில் போர் போட்டாலும், முதல் தண்ணீரில் இதே கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவித் தண்ணீரைக் கலப்பார். "மூத்த தண்ணி கூட இருந்தாத்தான் புதுத் தண்ணி நிக்கும்" என்பார். அந்தக் குடத்தை முழுசாகக் கவிழ்க்கக் கூடாது, அடியில் ஒரு கை தண்ணீர் மிச்சம் வைக்க வேண்டும். உள்ளே புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது. அத்தனை வருஷமும் லாரியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாமி மாதிரி உட்கார்ந்து வந்த குடம் அது. குடத்தைச் சாய்த்துக் கும்பிட்டுவிட்டு வருவார். கொஞ்ச நாளில் பாசி அதே படியில் எட்டிப் பார்க்கும்.

பெரியப்பாவுக்கு ஒரு எதிரி தேவைப்பட்டது. மேல்காட்டில் மரவள்ளி போட்டிருந்த மலைக்காரர் கிடைத்தார். அவர் காட்டில் போடுகிற உரம்தான் மழைத் தண்ணீரோடு இறங்கி பாசியை வளர்க்கிறது என்று முடிவு கட்டி, கடப்பாரையோடு ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். போன வேகத்தில் வரப்பை உடைத்தார். "உரத்தப் போட்டு என்ற பொண்டாட்டி காலப் புடுங்கறயாடா?" மேல்காட்டுக்காரர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்க, ஆட்டுப் புழுக்கையத் தவிர இந்தக் காட்டுக்கு நான் என்னத்தப் போட்டேன்? மோந்து பாருங்க!" பெரியப்பா மோந்து பார்க்கிற நிலையில் இல்லை. ஒருவரையொருவர் பிடித்து இழுத்துச் சேற்றில் உருண்டார்கள். மண்வெட்டிக் காம்பு பெரியப்பாவின் வாயில் பட்டு ஒரு பல் போயிற்று. அவர் வீசிய கல்லில் அந்த மனுஷனின் புருவம் பிளந்தது. கண் தப்பியது அவர் கும்பிட்ட சாமியின் புண்ணியம். போலீசுக்குப் போகிறேன் என்று அவர் மனைவி கத்த, பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து நான் கீழே இழுத்து வந்தேன்.

பெரியம்மா குளத்தங்கரையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் கோலத்தைப் பார்த்தார். வாயில் ரத்தத்தோடு பெரியப்பா நேராகக் குளத்தைப் பார்த்துப் போய், சுத்தியலை எடுத்துப் படியைக் கொத்த ஆரம்பித்தார். "சித்த நிறுத்துங்க" என்றார் பெரியம்மா. நிறுத்தவில்லை. "ஏனுங்க, நிறுத்துங்கன்னேன்!" சுத்தியல் நின்றது.

"பொழுதன்னைக்கும் இங்கதான உக்காந்துட்டுக் கெடக்கறேன். மூலையில வருதா? அக்கட்டச் செவுத்துல வருதா? நீங்க நின்னு குடத்தச் சாய்க்கற படியிலதான் மொத மொதல்ல வருது. கண்ணு, அந்தக் குடத்துக்குள்ள கையுடு."

விட்டேன். விரல் வழுக்கியது. நகத்தால் சுரண்டி வெளியே எடுத்துக் காட்டினேன். அதே கறுப்பு. அத்தனை வருஷமும் தேய்க்காத குடத்துக்குள், கொட்டாமல் வைத்த மிச்சத் தண்ணீரில், பாசி சுகமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. பெரியப்பா பேயறைந்தவர்போல என் விரலைப் பார்த்தார். பிறகு, "அது சாமி தண்ணி" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

பெரியம்மா நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தார். பெரியப்பா கை தளர்ந்து கரையில் வைத்த சுத்தியலை வலது கையால் எடுத்தார். "கொண்டா அத" என்றார். குடத்தைக் கொடுத்தேன். மரத்துப்போன காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு அடித்தார். "உன்னாலதான் என்ற மண்ட ஒடஞ்சுது! உன்னாலதான் அந்த ஏழ ரத்தம் சிந்துனான்! உனக்குக் கும்பிடு ஒரு கேடா!" அடி விழுந்ததெல்லாம் குடத்தின்மேல். பார்வை பெரியப்பாவின்மேல். ஒவ்வொரு அடிக்கும் பெரியப்பாவின் தோள் குலுங்கியது. கடைசியில் சுத்தியல் கை நழுவி விழுந்ததும் பெரியம்மா, "இந்தச் சனியன் இந்த ஊட்டுல இருக்கக் கூடாது, எடுத்துட்டுப் போயிரு" என்று என்னிடம் சொன்னார். இப்படித்தான் குடம் என்னிடம் வந்தது.

மறுநாள் காலையில் பெரியப்பா மேல்காட்டுக்குப் போனார், வெறுங்கையோடு. "ரெண்டு போடுங்க. ஒண்ணு உங்க புருவத்துக்கு, ஒண்ணு வரப்புக்கு" என்று முகத்தைக் காட்டினார். மேல்காட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. பளாரென்று ஒன்று விட்டார். பெரியப்பா தள்ளாடிப் போய்ப் பலாமரத்தைப் பிடித்துக்கொண்டார். "வரப்புக்கு அடி வேண்டாமுங்க. வந்து கட்டிக் குடுங்க" என்றார் அவர். பெரியப்பா கட்டிக் கொடுத்தார். பிறகு படியை வேரோடு கொத்தி எடுத்து, புதுச் சிமெண்டு பூசி, தண்ணீர் நிரப்பினார். அன்று இரண்டாம் படியில் வெறும் கையோடு நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாசி வரவில்லை. மழை பிடிப்பதற்குள் பெரியம்மாவின் இடது பாதம் படியில் ஊன்றி நின்றது. பெரியப்பா சந்தோஷத்தில் ஒரு காலி டிரம்மை ஓங்கி உதைத்து விரலை ஒடித்துக்கொண்டார்.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். சண்டை போடாமல், தூக்கத்தில். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காரியம் முடிந்து கொஞ்ச நாளில் பெரியம்மா போன் பண்ணி, குடத்தை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். போனேன். குளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. "பாத்தியா? ஒரு பொட்டுப் பாசி இல்ல. ஊட்டுல ஒரு சத்தம் இல்ல" என்றார். அருவிக்கு என்னை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். இரண்டாம் படியில் தானே இறங்கி நின்று, இடது கையால் குடத்தின் அடியைத் தாங்கிச் சாய்த்தார். எனக்கு வந்ததே கோபம். "பெரியம்மா, பைத்தியமா உங்களுக்கு? பாசி வந்துரும்!" என்று கத்தினேன். "வரட்டும்" என்றார். அடியில் ஒரு கை தண்ணீரை மிச்சம் வைத்து, பெரியப்பாவின் கம்பி பிரஷ்ஷைக் குடத்துக்குள் நிறுத்தி, என் கையில் கொடுத்தார்.

நேற்று போன் வந்தது. "கண்ணு, ரெண்டாம் படியில ஒரு புள்ளி. நீ வாரவரைக்கும் கால் வெக்க மாட்டேன், பயப்படாத. பிரஷ்ஷ எடுத்துட்டு வா. சுத்தியல் என்கிட்ட இருக்குது." அவ்வளவு தெம்பாக அவர் பேசி மாதக்கணக்காகிறது. நாளைக்கு லீவு, முதல் பஸ்ஸுக்கே கிளம்ப வேண்டும். பிரஷ்ஷை எடுத்துப் பார்க்கலாம் என்று மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து குடத்துக்குள் கையை விட்டேன். உள்ளே வழவழவென்று இருந்தது. நான் தேய்க்கவில்லை.