நைனா அழித்த ஆமைத்தடம்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி வாசலில் சிந்திக் கிடந்த மணலை ஓர் அக்கா துடைப்பத்தால் இழுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சரக் சரக் சத்தத்தில், பஸ்ஸை விட்டு இறங்கிய நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பழவேற்காட்டுக் கரையில், மாசி மாதத்து விடியலில், நைனா இப்படித்தான் பனையோலையால் மணலை இழுப்பார். முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்பிய ஆமையின் தடம் மொத்தமும் அழியும்வரை இழுப்பார். யாராவது வந்தால் ஓலையைப் போட்டுவிட்டு வலையை உதறுவார். திருடன்தானே தடத்தை அழிப்பான்? முட்டை வாடை அடிக்கிறதா என்று அவர் சட்டையை மோந்துகூடப் பார்த்தேன். வழக்கமான மீன் கவிச்சிதான்.

"இன்னா நைனா பண்றே?"

"உனுக்கு இன்னாத்துக்கு? இஸ்கூலுக்குப் போ."

அந்தக் கோபத்தில் மாமாவை அழைத்துப்போய் இடத்தைக் காட்டினேன். "நைனா ஆமமுட்ட திருடுறாரு மாமா."

"நான் பாத்துக்கறேன். நீ போம்மா."

மறுநாள் அங்கே கையால் தோண்டிய பள்ளம்தான் இருந்தது. ஒரு முட்டைகூட இல்லை. நைனா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எவன் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான் தடத்த அழிச்சேன். யார்னா கேட்டாங்களா உன்ன?"

"இல்ல நைனா."

"இன்னாம்மா, நின்னுக்கினே கீற?" என்றார் துடைப்பக்கார அக்கா. நகர்ந்தேன்.

முட்டைகள் பறிபோன அந்த நாளுக்குப் பிறகு நைனா கரையில் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டார், என்னைத் தவிர.