பனிமலையைக் கேட்டவர்

கடலுக்குப் போய் வந்தேன்.

சிரிக்காதீர்கள். தூத்துக்குடியில் குடியிருந்துகொண்டு இதையும் ஒரு செய்தியென்று எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் நான் மதுரைக்காரி. வைகையில் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ரகம். என் கணவருக்குப் பாங்கில் மாற்றலாகி இங்கே வந்ததிலிருந்து எனக்கும் கடலுக்கும் இருந்த பழக்கம் ரொம்பக் கொஞ்சம்தான். சாயங்காலம் பீச்சுக்குப் போவோம், சுண்டல் தின்போம், காலை நனைத்துக்கொண்டு திரும்புவோம். அவ்வளவுதான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு முழுப் பகலும் கடலின் மேல் இருந்தேன். அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு பிலோமி அக்கா. இல்லை... சரியாகச் சொன்னால், அலாஸ்கா.

பிலோமி அக்காவின் கணவர் மிக்கேல் அண்ணன் கப்பல்காரர். வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆளைக் காண முடியாது. பிறகு ஒரு நாள் வாசலில் டாக்சி வந்து நிற்கும். பெரிய சூட்கேஸ், டேப் ரிக்கார்டர், பிள்ளைகளுக்குச் சாக்லேட், தெருவுக்கே வாசனை சோப்பு. சாமான்தான் இவ்வளவு அமர்க்களம். ஆள் பரம அமைதி. நாமாகக் கேட்டால் ஒரு வார்த்தை வரும். இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

ஆனால் அவரிடம் ஒரு கதை உண்டு. அலாஸ்காவுக்கு மரம் ஏற்றப் போன கதை.

இரண்டு பக்கமும் மலை. நடுவே கப்பல் ஊர்ந்து போகிறது. ஒரு திருப்பத்தில், மலையிலிருந்து கடலுக்குள் இறங்கி நிற்கிறது ஒரு பனி ஆறு. ஆறுதான்... ஆனால் உறைந்த ஆறு. தண்ணீரில் அதன் முகப்பு கோயில் கோபுரம் போல உயர்ந்து நிற்கிறது. வெள்ளையென்று நினைத்தால் வெள்ளையில்லை. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி நீலம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரு வீட்டு அளவு துண்டு இடிச் சத்தத்தோடு உடைந்து கடலில் விழுகிறது. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கப்பல். அதில் கோட்டுப் போட்ட ஜனங்கள், காமிராவும் கையுமாக. காலையில் ஏறி, பனியைப் பார்த்து, திமிங்கலத்தைப் பார்த்து, சாயங்காலம் இறங்கிப் போய்விடுவார்களாம்.

“ஐஸ்கட்டியப் பாக்கதுக்குக் காசு குடுத்து வாரானுவ” என்று அண்ணன் முடிக்கும்போது மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் சிரிப்போம்.

இந்த ஊரில் கோயில் கொண்டிருப்பவள் பனிமய மாதா. ஊரிலோ மார்கழியில்கூட ஃபேன் இல்லாமல் படுக்க முடியாது. பனி எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் தெருவில் மிக்கேல் அண்ணன்தான் என்பதில் பிலோமி அக்காவுக்குப் பெருமை. அவர் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் அக்கா எடுத்துக் கொடுப்பாள். அந்த நீலத்தைச் சொல்லவில்லையே... திமிங்கலம் மூச்சு விட்டதைச் சொல்லவில்லையே... அவளுக்கு அத்தனையும் மனப்பாடம்.

இந்தத் தடவை அண்ணன் லீவில் வந்து, திரும்பிப் போகும் நாளும் நெருங்கிவிட்டது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று என்னிடம் கேட்டாள். “ஏளா சாந்தா, லைட்ஹவுஸுக்கு அங்கன என்ன இருக்கும்?”

எனக்கு எப்படித் தெரியும்? “நீங்கள்தானே கடற்கரைக்காரர்” என்றேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அக்காவின் அப்பா கடலுக்குப் போனவர். கூடப் பிறந்தவர்கள் போகிறார்கள். கணவர் கப்பல்காரர். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. இங்கே அப்படித்தானாம். ஆண்கள் கடலில், பெண்கள் கரையில்.

அன்றைக்கே, மாடிக்கு வந்த அண்ணனிடம் கேட்டாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போங்கள் என்று. அவர் உடனே சரியென்பார் என்றுதான் நானும் நினைத்தேன். மாட்டேன் என்றுவிட்டார். கடலில் என்ன இருக்கிறது, வெறும் தண்ணீர்தானே என்றார். காசு கொடுத்துப் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னது நீங்கள்தானே என்று அக்கா மடக்கினாள். அவர் எழுந்து கீழே போகப் பார்த்தார்.

அப்போது அக்கா சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை.

“நீங்க உலகத்தையே பாத்திய. நான் என்னத்தப் பாத்தேன்? இந்தக் கொடியில காயுத துணியத்தான் பாத்தேன்.”

அண்ணன் படியில் அப்படியே நின்றுவிட்டார். நான் துணியை எடுத்துக்கொண்டு நைசாக நழுவினேன். அடுத்தவர் வீட்டுச் சண்டையில் நமக்கு என்ன வேலை? ஆனால் காது மட்டும் அங்கேயே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு சில நாட்கள் அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. கடைசியில் அண்ணனே லூர்துவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

லூர்து அக்காவின் தம்பி. சொந்தமாக லாஞ்சு வைத்து மீன்பிடிக்கிறவன். பெண்களை ஏற்றினால் மீன் படாது என்று அவனுடைய ஆட்கள் முணுமுணுத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை எவன் வலை போடுகிறான் என்று லூர்து கேட்டானாம். அதோடு சரி.

ஆக, முதல் பூசை முடிந்த கையோடு புறப்பட்டோம். லூர்து, எஞ்சின் பார்க்கிற ஆள் ஒருவர், அண்ணன், அக்கா, நான். அக்கா கோயிலுக்குக் கட்டின அதே பட்டுச்சேலையில் வந்தாள். கையில் இடியாப்பமும் மாசிச் சம்பலும் கட்டின தூக்கு. என் கையில் எலுமிச்சம்பழம் — மோந்து பார்க்க.

ஏறியதும் அண்ணன் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததுதான். படகு கிளம்பியது. பழைய துறைமுகம் பின்னால் போனது, புது ஹார்பரின் கல் அணை தள்ளிப் போனது, லைட்ஹவுஸ் வந்து தாண்டிப் போனது. அண்ணன் அந்த எஞ்சின் பக்கத்தை விட்டு நகரவேயில்லை.

அக்கா முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. கலங்கின பச்சை போய், தெளிந்த பச்சை வந்து, பிறகு நீலம் வந்தது. கோலா மீன்கள் தண்ணீரிலிருந்து கிளம்பி விர்ரென்று பறந்துபோய் விழுந்தன. ஓர் இடத்தில் லூர்து கையைக் காட்டி, இதற்கு அடியில்தான் முத்துச் சிப்பி கிடக்கிற பாறைத்திட்டு, சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடந்து வருஷக் கணக்காகிறது என்றான். எட்டிப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. கொஞ்சம் பச்சையாக இருந்தது. எலுமிச்சம்பழத்தை மோந்தேன்.

வான் தீவு என்கிற குட்டித் தீவைத் தாண்டினதும் அவை வந்தன.

முதலில் தூரத்தில் கறுப்பாக ஒரு முதுகு. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம். டால்பின்கள். இங்கே ஓங்கல் என்கிறார்கள். படகின் மூக்குக்கு முன்னால் வந்து சேர்ந்துகொண்டு, பந்தயம் வைத்த மாதிரி கூடவே ஓடின. தண்ணீர் தெளிவாக இருந்ததால் அவை உடம்பைத் திருப்பி மேலே எங்களைப் பார்ப்பதுகூடத் தெரிந்தது. புஸ்ஸென்று விடும் மூச்சு முகத்தில் தெறித்தது. எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கவே மறந்துபோனேன்.

அக்காவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. கடல் தண்ணீர்தான் என்று நினைத்தேன். இல்லை.

அவள் திரும்பி அண்ணனைத் தேடினாள். அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் குனிந்து, கையில் ஒரு துணியோடு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா கூப்பிட்டாள். வந்தார். வெயிலில் கண் கூசி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் சர்க்கஸ் பார்க்கிற மாதிரி வாய் திறந்தபடி.

“அந்தப் பனிமலைக்கிட்டயும் திமிங்கலம் இப்படித்தான் வந்துதா?” என்று அக்கா கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஓங்கல்களையே பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் பாக்கல, பிலோமி.”

அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

“நான் ஒண்ணும் பாக்கல. கீழ இருந்தேன்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் கப்பலில் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடுகிற ஆயில்மேன். சின்ன வயதில் மில் ஒர்க்ஷாப்பில் சேர்ந்து, அங்கிருந்து நேராகக் கப்பலின் அடித்தட்டுக்குப் போனவர். அவர் வேலை செய்யும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. பனி ஆறு வந்தபோது வேலை இல்லாத எல்லோரும் மேலே ஓடினார்கள். அவருக்கு அப்போது வாட்ச், அதாவது முறை வேலை. கீழே ஆள் வேண்டுமே? அவர் வாட்ச் முடிந்து மேலே வருவதற்குள் கப்பல் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் மற்றவர்கள் பேசினதைக் கேட்டு வந்து சொன்னதுதான் எங்கள் மாடிக் கதை. நீலம், இடிச் சத்தம், வெள்ளைக் கப்பல்... எல்லாமே.

“மொதத் தடவ சொன்னப்போ ஒம் மொகத்தப் பாத்தேன். அதுக்குப் பெறவு எப்படிச் சொல்லுகது, நான் பாக்கலன்னு?”

லூர்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் எங்கே திரும்புவது? கடல்தான் நாலு பக்கமும்.

அக்கா அவர் பக்கம் திரும்பி, “அப்போ இத்தன வருசமா என்னத்தத்தான் பாத்திய?” என்றாள்.

“மீட்டரு, பம்ப்பு. போர்ட்டு வந்தா மேல வருவேன். போர்ட்டு எல்லா ஊர்லயும் ஒண்ணு போலத்தான இருக்கு.”

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். தெரு முழுக்க அந்தக் கதையைப் பரப்பினவள் அவள்தானே? ஆனால் அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. இத்தனை வருஷமும் இந்த மனுஷன் ஊர் ஊராகப் பார்த்து ரசிக்கிறான், நான் இங்கே தனியாகக் கிடக்கிறேன் என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அது தப்புக் கணக்கு என்று அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

“கீழ இருக்கும்போது ஒண்ணுமே தெரியாதா?” என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

“சத்தம் கேட்டுது” என்றார்.

பனித் துண்டுகள் நடுவே போவதால் மெயின் எஞ்சினைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டார்களாம். அப்போது கப்பலின் இரும்புச் சுவரில் ஏதோ உரசுகிற சத்தம். பேரிங் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பார்கள். அந்தக் கம்பியை எடுத்துச் சுவரில் வைத்தாராம்.

“அப்பளம் பொரிக்கும்போது கேக்கும்லா, அது மாதிரி. அவ்வளவு ஐஸும் கடல்ல பொரியுது. நெறய நேரம் கேட்டேன். மேல நின்னவனுவ ஒருத்தனுக்கும் அது கேட்டிருக்காது.”

இத்தனை காலம் நாங்கள் கேட்ட கதையில் இது இல்லை. இதுதான் அவருடைய கதை. மற்றதெல்லாம் இரவல்.

அக்கா லூர்துவிடம் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தினான். ஓங்கல்கள் கொஞ்சம் சுற்றிவிட்டு, இனி இங்கே பந்தயம் இல்லையென்று போய்விட்டன. தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம்தான் மிச்சம். தன் பக்கத்தில் பலகையைத் தட்டிக் காட்டி, “இங்கன வந்து உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார். இடியாப்பத்தைப் பிரித்தோம். சாப்பிடும்போதுகூட அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதலில் பார்த்தது அவர்தான். கையில் இருந்த கவளத்தைக் கீழே வைக்காமல் மறு கையால் காட்டினார். கொஞ்ச தூரத்தில் சாம்பல் நிறத்தில் மழுங்கின மூக்கு ஒன்று மேலே வந்து, பெருமூச்சு விட்டு, உள்ளே போனது. பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு மூக்கு. லூர்து குரலைத் தாழ்த்தி, “ஆவுளியா... குட்டியோட” என்றான். கடல்பசு. அடியில் புல் மேய்ந்துவிட்டு மூச்சு வாங்க வருமாம். படகிலிருந்த எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் — அவை இரண்டு மட்டும்தான் நிம்மதியாக மூச்சு விட்டன. இதன் கறிக்கு மார்க்கெட்டில் என்ன கிராக்கி என்று எனக்கே தெரியும். லூர்துவைப் பார்த்தேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றான், நான் ஒன்றும் கேட்காமலே.

திரும்பி வரும் வழியில் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. அண்ணன் பாதி எழுந்துவிட்டார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். “அவன் பாத்துக்கிடுவான். நீங்க கடலப் பாருங்க.” அண்ணன் உட்கார்ந்தார். எஞ்சின் தானே சரியாகிவிட்டது.

போன புதன்கிழமை அவர் கப்பல் ஏறப் பம்பாய்க்குப் புறப்பட்டார். ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். அழுகை, கண்ணைத் துடைப்பது எல்லாம் வழக்கம் போலத்தான். ரயில் நகரும்போது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நாலடி நடந்தாள்.

“பாத்ததச் சொல்லாட்டாலும் பரவாயில்ல. பாக்காம விட்டுப்போனதச் சொல்லுங்க” என்றாள்.

அண்ணன் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கப்பலில் போகிறவர்கள் எல்லாம் கடலைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே... நம் வீட்டு ஆட்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். சம்பளம் என்ன என்றும் தெரியும். அங்கே உட்கார்ந்தால் அவர்கள் கண்ணுக்கு எது தெரிகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

ராத்திரி சாப்பாட்டில் என் கணவரிடம் கேட்டேன். பாங்கில் உங்கள் நாற்காலியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

அவர் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு பீரோவின் முதுகு” என்றார்.

நாளைக்கு மத்தியானம் ஒரு எட்டுப் போய், அந்த பீரோவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.